செக் நாட்டில் ஒரு செமஸ்டர்: இராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு எது பலன் தரும்?

வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்க வாய்ப்பு வந்து, பட்டியலில் செக் குடியரசும் இருந்தால் தாராளமாக அதை எடுக்கலாம். ஊரைத் தேர்ந்தெடுப்பதில்தான் நிதானம் வேண்டும். விண்ணப்பிக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பிராக் என்று எழுதிவிடுகிறார்கள். பிராக் அழகான நகரம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கே அறை வாடகை அதிகம், விடுதி இடத்துக்குப் போட்டி அதிகம், பழைய நகரப் பகுதியில் உள்ளூர்க்காரர்களைவிடச் சுற்றுலாப் பயணிகளே அதிகம். புர்னோ, ஓலொமௌட்ஸ், செஸ்கே புடியேயோவிட்சே ஆகிய மூன்றில் ஒன்றில் தங்கிக்கொண்டு, பிராகுக்கு ரயிலில் போய் வருவதே மேல் என்பது எங்கள் முடிவு. நாட்டின் பரப்பு ஏறக்குறைய 78,900 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் ஐந்தில் மூன்று பங்குதான். காலையில் கிளம்பினால் பெரும்பாலான ஊர்களைப் பார்த்துவிட்டு இரவுக்குள் அறைக்குத் திரும்பிவிடலாம்.

படிப்பின் தரம் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பிராகின் சார்லஸ் பல்கலைக்கழகம் 1348-இலும், ஓலொமௌட்ஸின் பலாட்ஸ்கி பல்கலைக்கழகம் 1573-இலும், புர்னோவின் மசாரிக் பல்கலைக்கழகம் 1919-இலும் தொடங்கியவை. மூன்றிலும் ஆங்கிலத்தில் நடக்கும் பாடங்கள் உண்டு. ஆனால் துறைக்குத் துறை எண்ணிக்கை மாறும். பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து மயங்காமல், உங்கள் துறையில் அந்த செமஸ்டருக்கு ஆங்கிலத்தில் என்னென்ன பாடம் இருக்கிறது என்ற பட்டியலை முதலில் வாங்கிப் பாருங்கள். ஒரு செமஸ்டருக்கு 30 ஐரோப்பியக் கிரெடிட் என்பது வழக்கம். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு.

மதிப்பெண் முறையில் ஒரு சிக்கல் இருக்கிறது, இதைக் கிளம்பும் முன்பே தீர்த்துவிட வேண்டும். அங்கே பல இடங்களில் 1 என்பது மிகச் சிறந்த தேர்ச்சி, 4 என்றால் தோல்வி. நம் கல்லூரித் தேர்வுப் பிரிவில் விளக்கம் இல்லாமல் அந்தச் சான்றிதழைக் கொடுத்தால், நான்குக்கு ஒன்று வாங்கியதாகப் பதிந்துவிடும் ஆபத்து உண்டு. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கலைக் கல்லூரியானாலும், அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள பொறியியல் கல்லூரியானாலும், எந்தச் செக் பாடம் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு, மதிப்பெண்ணை எப்படி மாற்றுவது என்பதை எழுத்தில், துறைத்தலைவர் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். தேர்வும் நம் ஊர்போல ஒரே நாளில் எல்லாருக்கும் நடப்பதில்லை. ஆசிரியர் பல தேதிகளை இணையத்தில் திறந்துவிடுவார், நாமே ஒன்றில் பெயர் பதிய வேண்டும். வாய்மொழித் தேர்வு சாதாரணம். பதிவு திறந்த உடனே நல்ல தேதிகள் போய்விடும். தாமதித்தால், விமான டிக்கெட் எடுத்த தேதிக்குப் பிறகுதான் தேர்வு கிடைக்கும்.

கட்டண விஷயமும் இங்கேயே. உங்கள் கல்லூரிக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் பரிமாற்ற ஒப்பந்தம் இருந்தால் அங்கே கல்விக் கட்டணம் கிடையாது, இங்கே கட்டுகிற கட்டணம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பிளஸ் வழியாகப் போனால் மாத உதவித்தொகையும் பயணச் செலவும் வரும். ஒப்பந்தம் இல்லாமல் தனியாகப் போகிறவர்கள் முழுக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். கல்லூரி வழியாகப் போகிறவருக்கு ஏஜென்ட் தேவையே இல்லை. கல்லூரியின் வெளிநாட்டுத் தொடர்பு அலுவலகம் உங்களைப் பரிமாற்ற மாணவராக முன்மொழிந்து இலவசமாக அனுப்பும் நியமனக் கடிதத்துக்காக யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது விசா. இந்த முழு ஏற்பாட்டிலும் பலவீனமான பகுதி இதுதான். 90 நாளுக்கு மேல் தங்குவதால் குறுகிய காலத்துக்கான சாதாரண ஷெங்கன் விசா உதவாது, நீண்டகால விசா வேண்டும். விண்ணப்பம் புதுதில்லி தூதரகத்துக்குப் போகிறது. விண்ணப்பத்தை வாங்கிக்கொண்ட நாளிலிருந்து முடிவுக்கு 60 நாள் வரை எடுக்கலாம், அதற்கு முன் விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைக்கக் காத்திருக்கும் நாட்கள் தனி. காவல்துறை நற்சான்றிதழை மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக வாங்கி, அதற்கு அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் சான்றிதழ் செல்லுபடியாக இடப்படும் அரசு முத்திரை) பெற்று, அதன் பிறகே செக் மொழிபெயர்ப்புக்குக் கொடுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் முத்திரைப் பக்கம் மொழிபெயர்க்கப்படாமல் நிற்கும், மொத்தக் கட்டும் திரும்பும். பாஸ்போர்ட் தவிர மற்றக் காகிதங்கள் 180 நாளுக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. அதனால் ரொம்ப முன்கூட்டியே எடுத்து வைப்பதும் வீண். தங்குமிடச் சான்றுக்குப் பல்கலைக்கழக விடுதியின் உறுதிக் கடிதமே மிகப் பாதுகாப்பானது. மருத்துவக் காப்பீட்டுக்குச் செக் நாட்டில் உரிமம் பெற்ற நிறுவனத்தின் முழுப் பாதுகாப்புத் திட்டம் வேண்டும்.

நம் பக்கத்துப் பிள்ளைகளை அதிகம் தடுமாற வைப்பவை இரண்டு. ஒன்று, வங்கிக் கணக்கு. வளைகுடாவில் வேலை பார்க்கும் வாப்பாவின் கணக்கில் எவ்வளவு பணம் இருந்தாலும், மாணவர் அதை எடுக்க உரிமை இருக்கிறது என்று காட்டாவிட்டால் அது சான்றாகாது. கீழக்கரையிலும் தொண்டியிலும் இது வீட்டுக்கு வீடு இருக்கும் நிலைமை. மாணவர் பெயரிலேயே கணக்கு தொடங்கி, பணத்தை அதற்கு மாற்றி, அந்தக் கணக்கின் அறிக்கையைக் கொடுப்பதே நேர்வழி. இரண்டாவது, பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருக்கும், கல்லூரிச் சான்றில் தலைப்பெழுத்து இருக்கும், சேர்க்கைக் கடிதத்தில் அப்பா பெயர் விரிந்து நிற்கும். மூன்றும் மூன்று விதம். சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, மாறியிருந்தால் உடனே திருத்தச் சொல்லுங்கள். விசா வந்த பிறகு திருத்துவது பெரும் பாடு.

சென்னையிலிருந்து பிராகுக்கு நேரடி விமானம் இல்லை, துபாய் அல்லது தோஹா வழி வசதி. பெட்டி கட்டும்போது அம்மாக்களுக்கு ஒரு செய்தி: நெய், பால்கோவா, இறைச்சி ஊறுகாய் எதுவும் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் பயணிகள் கொண்டுபோகத் தடை. பச்சைக் கறிவேப்பிலையையும் எடுத்துவிடுவார்கள், பொடியாக்கிக் கொடுங்கள். மீனுக்கு மட்டும் விதி வேறு, 20 கிலோ வரை அனுமதி உண்டு. அதனால் நன்றாகக் காய்ந்த கருவாடும் மாசியும் தாராளமாகப் போகலாம். காற்றுப் புகாத உறையில் இரண்டு சுற்றுக் கட்டி, மேலே என்ன பொருள் என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டினால் சோதனையில் கேள்வி குறையும்.

விடுதி அறை பெரும்பாலும் இருவருக்கு ஒன்று. சமையலறை மாடிக்கு ஒன்றோ, சில அறைகளுக்குச் சேர்த்து ஒன்றோ இருக்கும். அடுப்பு மின்சாரம், பாத்திரம் இருக்காது. தாளிப்பும் கருவாட்டுப் பொரியலும் புகை எச்சரிக்கையைக் கிளப்பிவிடும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஆரம்பிப்பது நல்லது. வந்து சேர்ந்த மூன்று வேலை நாளுக்குள் வெளிநாட்டினர் காவல் பிரிவில் பதிவு செய்ய வேண்டும். பல விடுதிகளில் அவர்களே செய்துவிடுவார்கள், செய்தார்களா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். தனி வீட்டில் தங்குகிறவர்கள் இதைத் தவறவிட்டு அபராதம் கட்ட நேர்கிறது.

இனி ரயில். இந்த நாட்டில் எதற்காவது முழு மதிப்பெண் கொடுக்க வேண்டுமென்றால் ரயிலுக்குத்தான் கொடுப்போம். 18 முதல் 26 வயதுக்குள் உள்ள மாணவருக்கு உள்நாட்டு ரயிலிலும் பேருந்திலும் பாதிக் கட்டணம், இது அரசின் சலுகை. சர்வதேச மாணவர் அட்டை கையில் இருந்தால் போதும். 26 வயது நிறைந்துவிட்டால் இந்தச் சலுகை கிடையாது, முதுகலைக்குப் பிந்தைய மாணவர்கள் கணக்குப் போடும்போது இதைக் கவனிக்கவும். அரசு நிறுவனமான செஸ்கே த்ராஹியோடு, மஞ்சள் நிற ரெகியோஜெட், லியோ எக்ஸ்பிரஸ் என்று தனியார் வண்டிகளும் அதே தண்டவாளத்தில் ஓடுகின்றன. ஒரு நிறுவனத்தின் டிக்கெட் இன்னொன்றில் செல்லாது. பல நிறுவனங்களின் வண்டிகளில் செல்லும் ஒன்டிக்கெட் என்ற பொது டிக்கெட்டும் இருக்கிறது, வண்டி மாறிப் போகும் பயணத்துக்கு அதுவே பாதுகாப்பு. பிராகிலிருந்து புர்னோவுக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம், ஓலொமௌட்ஸுக்கு இரண்டேகால், பில்செனுக்கு ஒன்றரை. புர்னோவிலிருந்து வியன்னாவுக்கே ஒன்றரை மணி நேரம்தான்.

புதிதாக வருகிறவர் தவறவிடுவது நிலையத்து அறிவிப்புப் பலகையில்தான். அதில் இரண்டு எண்கள் இருக்கும், ஒன்று நடைமேடை, மற்றது தண்டவாளம். இரண்டாவது எண்ணைப் பார்க்காமல் நின்றால், அதே மேடையின் மறுபக்கத்து வண்டியில் ஏறிவிடுவீர்கள். பெரிய நிலையங்களில் நடைமேடை எண் கடைசிச் சில நிமிடங்களில்தான் தெரியும், பலகையின் கீழேயே நிற்க வேண்டும். சில வண்டிகளில் பெட்டிகள் நடுவழியில் பிரிந்து வெவ்வேறு ஊர்களுக்குப் போகும், ஏறும் முன் பெட்டியின் பக்கவாட்டில் உள்ள ஊர்ப்பெயரைப் படியுங்கள். சில கிராம நிலையங்களில் பொத்தானை அழுத்தினால்தான் வண்டி நிற்கும். கதவும் தானாகத் திறக்காது, அதற்கும் பொத்தான். பிராக் மெட்ரோவிலும் டிராமிலும் காகித டிக்கெட் நேரக் கணக்கில் ஓடுகிறது. மஞ்சள் பெட்டியில் முத்திரை குத்தாத டிக்கெட் டிக்கெட்டே அல்ல, பரிசோதகரிடம் எந்த விளக்கமும் எடுபடாது.

இந்தக் கடற்கரையிலிருந்து போகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் தெற்கு பொஹீமியாவின் ட்ரெபோன் குளங்கள். செக் நாட்டுக்குக் கடலே கிடையாது. ஆனால் நன்னீர் மீன் வளர்ப்பில் ஐந்நூறு வருடப் பழக்கம் உண்டு. ஷ்டெபானெக் நெட்டோலிட்ஸ்கி 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய தங்கக் கால்வாய் 45 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. யாகுப் கிர்சின் 1584 முதல் 1590 வரை கட்டிய ரோஸ்ம்பெர்க் குளம் நாட்டிலேயே பெரியது, ஏறத்தாழ 490 ஹெக்டேர் நீர்ப்பரப்பு, 2 கிலோமீட்டரைத் தாண்டும் மண்கரை. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர் பெற்ற ராஜசிங்கமங்கலம் கண்மாயைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்தக் கரையும் மதகும் வரத்துக்காலும் சட்டென்று விளங்கிவிடும். அங்கே தண்ணீர் பாசனத்துக்காக அல்ல, கெண்டை மீனுக்காகத் தேக்கப்படுகிறது என்பதுதான் வித்தியாசம்.

அறுவடை இலையுதிர் காலத்தில். பல நாட்கள் விட்டு மெல்ல மெல்லத் தண்ணீரை வடிப்பார்கள். மீனெல்லாம் கரையோரத்து ஆழமான பள்ளத்தில் வந்து சேரும். விடியற்காலையில் வலை இழுப்பு தொடங்கும், கரையில் நின்று யாரும் பார்க்கலாம். வேகமாக வடித்தால் மீன் சேற்றில் சிக்கிச் செத்துப்போகும் என்பதால்தான் இவ்வளவு நிதானம். பிடித்த கெண்டையை உடனே விற்பதில்லை, சேற்று வாடை போவதற்காகச் சுத்தமான நீர்த்தொட்டிகளில் வாரக்கணக்கில் விடுவார்கள். டிசம்பர் 20-ஐ ஒட்டித் தெருவோரத் தொட்டிகளில் உயிரோடு விற்பனைக்கு வரும், கிறிஸ்துமஸ் இரவு உணவு அதுதான். அக்டோபரில் ட்ரெபோன் போக, புடியேயோவிட்சேயிலிருந்து பேருந்தோ ரயிலோ பிடித்து, எந்தக் குளத்தில் எந்த நாள் வலை விழுகிறது என்று ஊர்த் தகவல் மையத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். காலை ஆறு மணிக்குக் கரையில் நிற்க வேண்டுமென்றால் முதல் நாள் இரவே போய்த் தங்க வேண்டும். ரப்பர் காலணி அவசியம்.

மீன்வளம், நீர்வாழ் உயிரியல் படிக்கிறவர்களுக்கு இது வேடிக்கை மட்டும் அல்ல. புடியேயோவிட்சேயில் உள்ள தெற்கு பொஹீமியா பல்கலைக்கழகத்துக்கு வொட்னியானி ஊரில் மீன்வளம், நீர்ப் பாதுகாப்புக்கென்று தனிப் புலம் 2009 முதல் இருக்கிறது. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி மாணவரோ, மண்டபத்தில் கடல்சார் ஆய்வுக்குப் போக நினைப்பவரோ, நன்னீர் இனப்பெருக்கமும் மீன் நோயும் கற்க இதைவிடப் பொருத்தமான இடத்தைச் செக்கில் காண முடியாது. பிராக் கிடைக்கவில்லையே என்று இவர்கள் வருந்தவே கூடாது.

வரலாற்றைப் பார்க்க பிராகுக்குத்தான் போக வேண்டும், ஆனால் சார்லஸ் பாலத்தையும் 1410-ஆம் வருடத்து வானியல் கடிகாரத்தையும் படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் எதுவும் புரியாது. பெத்லஹேம் சிற்றாலயத்தில் தொடங்குங்கள். திருச்சபைச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் பிரசங்கம் செய்த இடம் அது. 1415 ஜூலை 6-இல் அவரை எரித்த நாள் இன்றும் அரசு விடுமுறை. பிறகு 22-ஆம் எண் டிராமில் ஏறி வெள்ளை மலை வரை போகலாம். 1620-இல் பொஹீமியப் புராட்டஸ்டன்டுகள் தோற்ற போர்க்களம் அது. அந்தக் கிளர்ச்சிக்காக அடுத்த வருடம் தூக்கிலும் வாளிலும் மாண்ட 27 பேருக்காகப் பழைய நகரச் சதுக்கத்துத் தரையில் 27 சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் அதன் மேலேயே மிதித்துப் போகிறார்கள். ரெஸ்லோவா தெருவில் உள்ள தேவாலயத்தின் நிலவறையை விட்டுவிடாதீர்கள். நாஜி அதிகாரி ஹெய்ட்ரிக்கை 1942 மே 27-இல் தாக்கிய வீரர்கள் ஒளிந்திருந்து, ஜூன் 18-இல் கடைசிவரை போரிட்டு மாண்ட இடம். சுவரில் குண்டுத் துளைகள் அப்படியே இருக்கின்றன. அந்தத் தாக்குதலுக்குப் பழிவாங்க லிடிட்சே கிராமத்தையே அழித்து, 173 ஆண்களை அங்கேயே சுட்டார்கள்.

தெரெசினுக்கு ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும். பிராகின் ஹொலெஷொவிட்சே நிலையத்திலிருந்து பேருந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரம். 18-ஆம் நூற்றாண்டுக் கோட்டை நகரம், 1941 இறுதியிலிருந்து யூதர்களை அடைத்து வைத்த இடமானது. சுமார் ஒன்றரை லட்சம் பேர் அதன் வழியாகப் போனார்கள், 30,000-க்கும் மேற்பட்டோர் அங்கேயே மாண்டார்கள். போவதற்கு முன் பிராகின் பிங்கஸ் தொழுகைக்கூடத்தைப் பாருங்கள். கொல்லப்பட்ட ஏறத்தாழ 80,000 பேரின் பெயர்கள் சுவர் முழுக்க எழுதப்பட்டுள்ளன. யூத அருங்காட்சியகம் சனிக்கிழமை திறக்காது, மற்ற அருங்காட்சியகங்களில் பல திங்களன்று திறக்காது. வார இறுதிப் பயணத் திட்டம் கெட்டுப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

குட்னா ஹோரா என்ற பழைய நகரத்துக்குப் போகிறவர்கள் முதன்மை நிலையத்தில் இறங்கி, மனித எலும்புகளால் அலங்கரித்த எலும்புத் தேவாலயத்தை முடித்துவிட்டு, உள்ளூர் வண்டியில் நகர நிலையத்துக்குப் போகலாம். டிக்கெட்டை நகர நிலையம் வரை எடுத்திருந்தால் மறுபடி வாங்க வேண்டாம். எலும்புத் தேவாலயத்துக்கு வாசலில் டிக்கெட் கிடையாது, பக்கத்துத் தகவல் மையத்தில் வாங்க வேண்டும். உள்ளே படம் எடுக்கத் தடை. புர்னோவின் டூகெண்ட்ஹாட் மாளிகைக்குள் போக வேண்டுமென்றால் மாதங்களுக்கு முன்பே பதிய வேண்டும்.

எந்த செமஸ்டர் நல்லது? கோட்டைகளில் பெரும்பாலானவை நவம்பர் முதல் மார்ச் வரை மூடியிருக்கும். டிசம்பரில் காலை எட்டு மணிக்கு விடிந்து மாலை நான்குக்கே இருட்டிவிடும், வருடம் முழுக்க வெயிலில் வளர்ந்த நம் பிள்ளைகளில் சிலருக்கு அது மனத்தைச் சோர வைக்கும். ஆகவே பிப்ரவரியில் தொடங்கும் கோடை செமஸ்டரே பொதுவாக மேல். ஏப்ரலில் கோட்டைகள் திறக்கும், மே மாதத்தில் காட்டுப் பாதைகளில் நடக்கலாம். மரங்களில் வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே வண்ணக் கோடு பூசிய வழிக்குறிகள் நாடு முழுக்க உண்டு, மாபி என்ற வரைபடச் செயலியை இணையமில்லாமலும் பயன்படுத்தலாம். மீன்வள மாணவர் மட்டும் குளிர்கால செமஸ்டரை எடுக்கட்டும், குள அறுவடை அப்போதுதான்.

சாப்பாட்டில் ஏமாற்றம் உண்டு. சைவம் கேட்டால் பொரித்த பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் திரும்பத் திரும்ப வரும். காய்கறி சூப்பிலும் பன்றிக் கொழுப்போ இறைச்சிச் சாறோ சேர்ந்திருக்கலாம், கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஹலால் இறைச்சிக்கு பிராகிலும் புர்னோவிலும் துருக்கி, அரபுக் கடைகள் உண்டு, பள்ளிவாசலும் உண்டு. புர்னோ பள்ளி 1998-இலும் பிராக் பள்ளி 1999-இலும் திறந்தவை. சின்ன ஊர்களில் இந்த வசதி குறைவு, கீழக்கரை, ஏர்வாடிப் பிள்ளைகளுக்குப் புர்னோவைச் சொல்வது அதனால்தான். அரிசி, புளி, பச்சைமிளகாய், கடல் மீன் எல்லாம் வியட்நாமியர் கடைகளில் கிடைக்கும். பிராகின் தென்பகுதியில் உள்ள சாப்பா சந்தை இதற்குப் பெரிய இடம். மதிய நேரத்தில் ஓட்டல்கள் போடும் மலிவு மெனு 11 மணி முதல் 2 மணி வரைதான், மென்சா எனப்படும் பல்கலைக்கழக உணவகம் அதைவிட மலிவு. அரசு விடுமுறை நாட்கள் சிலவற்றில் பெரிய கடைகளைச் சட்டப்படி மூடுவார்கள், செப்டம்பர் 28, அக்டோபர் 28 இரண்டும் அதில் உண்டு, முதல் நாளே வாங்கி வையுங்கள்.

தமிழ் மாணவர்களுக்கு பிராகில் இன்னொரு உறவும் இருக்கிறது. தமிழ் இலக்கியத்தை உலகுக்கு எடுத்துச் சொன்ன கமில் சுவலபில் பிராகில் பிறந்தவர். திராவிட மொழி ஆய்வில் வாழ்நாளைச் செலவிட்ட யாரோஸ்லாவ் வாச்செக் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். இலக்கிய மாணவர் அங்கே போனால் இந்தியவியல் துறைக்கு மின்னஞ்சல் அனுப்பி, நூலகத்தைப் பார்க்க அனுமதி கேட்கலாம்.

பணம் மாற்றும்போது நிதானம் தேவை. நாணயம் யூரோ அல்ல, கொருனா. ஒன்றுக்குச் சுமார் 4 ரூபாய். சுற்றுலாப் பகுதிக் கடையில் மோசமான விகிதத்தில் மாற்றிவிட்டால், மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போய் ரத்து செய்யும் உரிமை 1,000 யூரோ அளவு வரை சட்டத்தில் உண்டு. ஏடிஎம் திரை ரூபாயில் கணக்குப் போட்டுக் காட்டினால் மறுத்துவிட்டு கொருனாவிலேயே எடுங்கள்.

பிப்ரவரியில் அங்கே இருக்க வேண்டுமானால், செப்டம்பரில் கல்லூரியின் நியமனம், அக்டோபரில் சேர்க்கைக் கடிதமும் விடுதி உறுதியும், நவம்பர் தொடக்கத்துக்குள் விசா விண்ணப்பம் என்று தேதிகளை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். நற்சான்றிதழ், அப்போஸ்டில், மொழிபெயர்ப்பு மூன்றும் அக்டோபருக்குள் முடிய வேண்டும்.